வளையத்துக்குக் கீழே

ஜனவரி 18

அன்புள்ள அண்ணா,

நானும் வீடும் நலம். மாடிப்படியின் மூன்றாவது பலகை மட்டும் இன்னும் முனகுகிறது. நீ, அண்ணி, சின்னக்குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுது.

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். நல்ல யோசனை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்: பின்பக்க முற்றத்தில் ஆழ்துளைக் கிணறு போட நான் சம்மதிக்க மாட்டேன். அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் பாதி உன்னுடையது என்பது எனக்குத் தெரியும். மற்றப் பாதி என்னுடையது என்பது உனக்கும் தெரியும்.

அன்று சின்னக்குட்டி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அத்தை, அப்பா உங்களை வளையப் பைத்தியம்னு திட்டுறாரே, வளையம்னா என்ன?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வாங்கி வைத்துவிட்டாய். இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

குட்டி, எங்கள் தெருவின் நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. எல்லா வீட்டுக் குழாய்க்கும் அதிலிருந்துதான் ஒரே மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. கிணற்றின் உள்சுவரில் ஒரு கல்லில் இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு மேலே நிற்கும்வரை, நாங்கள் பகலில் எடுத்ததைக் கிணறு இரவில் ஊறி நிரப்பிவிடும். கீழே போய்விட்டால் ஊறாது. எடுத்தது எடுத்ததுதான். அதனால் வளையம் கண்ணில் பட்டதும் மோட்டாரை நிறுத்திவிடுவோம். பிறகு கயிறும் வாளியும்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று கிடையாது, தலைக்கு இரண்டு வாளி. கைக்குழந்தைக்கும் முழுப் பங்கு. மழை வந்து வளையம் மூழ்கினால் மோட்டார் மறுபடி ஓடும். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவையே கேள்.

அண்ணா, நம் முற்றத்துக்கும் கிணற்றுக்கும் கூப்பிடு தூரம். நாம் ஆழத்தில் துளை போட்டால் கிணற்றுக்கு வரும் ஊற்று நம் துளைக்குள் இறங்கிவிடும். நம்மைப் பார்த்து அடுத்த வீடு போடும். அப்புறம் அதற்கடுத்த வீடு. இதற்கு மேல் எழுதினால் சண்டை ஆகிவிடும்.

அண்ணிக்கு என் அன்பு. குட்டியின் நெற்றியில் ஒரு முத்தம் வை.

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு லேசான தோள்வலி, வேலையில் வருவது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைக் குட்டிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பாவம் அத்தை" என்றாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

நாங்கள் பதினோராவது மாடியில் இருக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர். மூடினால் நிற்கும். இதற்குக் கூட்டம் போடுவதில்லை, யாரும் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பார்ப்பதில்லை. குளிக்கத் தனித் தொட்டியே இருக்கிறது. குட்டி அதில் மீன் மாதிரி கிடப்பாள். போன வாரம் ஒரு கண்ணாடிக் கட்டடம் முழுவதற்கும் ஏ.சி. மாட்டி முடித்தோம். உள்ளே போனால் ஸ்வெட்டர் வேண்டும். மனுஷன் நினைத்தால் வெயிலையே வெளியே நிறுத்த முடிகிறது. நீங்கள் ஒரு துருப்பிடித்த வளையத்துக்குக் கைகட்டி நிற்கிறீர்கள்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் அந்தத் தெருவை விட்டு வந்தேன். இன்னும் அதே சிரிப்புதான் வருகிறது.

துளை போட்டால் வீட்டுக்கு மதிப்பு. நமக்கென்று ஒரு தண்ணீர் இருக்கும். யாரிடமும் கை நீட்ட வேண்டாம். யோசித்துப் பார். உனக்குப் படிப்பு இருக்கிறது, பிடிவாதமும் இருக்கிறது. ஒன்றையாவது கொஞ்சம் குறைத்துக்கொள்.

அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

தோள்வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. உனக்கென்ன, குழாயைத் திறந்தால் கொட்டுகிறதே! இங்கே எனக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது. இப்போது நலம்.

பாவம் அத்தையின் பதில் இதோ.

அச்சகத்தில் பள்ளிப் புவியியல் புத்தகம் ஒன்றுக்குப் பிழை திருத்துகிறேன். அதில் ஒரு வரி: "பூமியின் வளங்கள் வரம்புக்குட்பட்டவை." எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை எழுதியவர் அந்த வரம்பைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன். பெரும்பாலான இடங்களில் அது மண்ணுக்கடியில், கடலுக்கடியில், யாருக்கும் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. தாண்டிய பிறகுதான் தெரிய வருகிறது. எங்களுக்கு மட்டும் அதைத் தினமும் எட்டிப் பார்க்க முடிகிறது. துருப்பிடித்துத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கைகட்டி நிற்கிறோம் என்கிறாய். பக்கத்துத் தெருவை உனக்கு நினைவிருக்கிறதா? அங்கே யாரும் எதற்கும் கைகட்டவில்லை. வீட்டுக்கு ஒரு துளை. முதல் வீடு போட்டதும் இரண்டாவது வீட்டுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. இரண்டாவது வீடு இன்னும் ஆழமாகப் போட்டதும் முதல் வீட்டில் காற்று வந்தது. இப்போது தெரு முழுக்கத் தண்ணீர் லாரிக்காக நிற்கிறார்கள். லாரி ஓட்டுபவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். கைகட்டித்தான்.

சலவைக்கடை அக்காவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். தெருவிலேயே அதிகத் தண்ணீர் வேண்டியவர் அவர். வளையம் தெரிந்தால் முதலில் கடையை மூட வேண்டியவரும் அவர். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உங்க அண்ணன் சின்ன வயசுல எங்கிட்ட சலவைக்குச் சட்டை போட்டுட்டு, இன்னும் ரெண்டு தடவை அலசுங்கக்கான்னு நிப்பான். அப்பவே அவனுக்கு நிறுத்தத் தெரியாது."

அண்ணியை நான் கேட்டதாகச் சொல். குட்டிக்கு இந்தக் கடிதத்தில் சலவைக்கடை அக்கா சொன்னதை மட்டும் படித்துக் காட்டு.

உன் படித்த, பிடிவாதக்காரத் தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். எல்லோரும் சௌக்கியமே. உன் ஜலதோஷம் முழுக்கப் போய்விட்டதா?

இங்கே கடுமையான வெயில். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். காற்றோட்டமாக இருக்கிறது. குட்டிக்கும் முடியை ஒட்ட வெட்டிவிட்டோம். முதலில் அழுதாள், இப்போது பழகிவிட்டது. அண்ணி பால்கனிச் செடிகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்குக் காகிதத் தட்டு வாங்கிவிட்டோம். அவளுக்கு வேலை மிச்சம்.

உடற்பயிற்சிக்காக இப்போது லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில்தான் ஏறி இறங்குகிறேன். அதனால் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பிழை திருத்தாதே.

துளை விஷயத்தை யோசித்தாயா? சலவைக்கடை அக்காவின் நகைச்சுவையை எழுதி அனுப்பச் சொல்லவில்லை. ஆமாவா இல்லையா, அதை எழுது. சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் மொட்டைத் தலையை நினைத்து அச்சகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். படி ஏறினால் கால்தானே நடுங்க வேண்டும், கை ஏன் நடுங்குகிறது? தலைகீழாக ஏறுகிறாயா?

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. சீக்கிரம் எழுதிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே வளையம் தெரிந்துவிட்டது. முதலில் பார்த்தது ஹாரன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவரை உனக்குத் தெரியும். அவர் தொண்டைக்கு நாம் வைத்த பெயர் இன்னும் அவரோடு இருக்கிறது. "வளையம் வந்தாச்சூ!" என்று ஒரு குரல். படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடியே வெளியே ஓடினேன். தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. வளையத்தின் மேல்விளிம்பு மட்டும் ஈரமாக வெளியே தெரிந்தது. சலவைக்கடை அக்கா எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்க் கடையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார். "இனிமே எல்லாரும் அழுக்கா இருங்க. அழகா இருக்கணும்னா மழையைக் கூப்பிடுங்க" என்றார். மோட்டார் நின்றது.

இப்போது காலையில் எல்லோரும் வரிசை. தோளில் துண்டு, கையில் வாளி. எனக்குக் கூட்டம் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த வரிசையில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கயிறு கைக்கு வரும்போது இழுத்தால் போதும். முந்தாநாள் தையல்காரர் இரண்டாவது தடவை வந்து நின்றார். வேறு சட்டை போட்டிருந்தார். ஹாரன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சட்டையை மாத்திட்டீங்க சரி, மூக்கையும் மாத்திட்டு வந்திருக்கலாமே!" என்றார். தையல்காரரே சிரித்துவிட்டார். அவர் வாளி காலியாகத்தான் திரும்பியது.

கஷ்டமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாளியில் தலைக்குக் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே துணியை அலசி, அதையே படிக்கட்டில் ஊற்றிக் கழுவுகிறேன். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. கிணறு உயிரோடு இருக்கிறது. இது தோல்வி என்று நீ நினைத்தால், நாங்கள் வருடாவருடம் பிடிவாதமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணியின் செடிகள் போனது வருத்தமாக இருக்கிறது. அவற்றைப் பற்றி அவர் எவ்வளவு பேசுவார்!

உன் தங்கை


மே 28

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

நான் இனி கேட்கப் போவதில்லை. துளை போடும் லாரிக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வார ஆரம்பத்தில் வருவார்கள். இடத்தை மேஸ்திரிக்குப் போனிலேயே விளக்கிவிட்டேன். நீ கதவை மட்டும் திறந்துவிடு. வாக்குவாதம் வேண்டாம். காரணம் இருக்கிறது.

அண்ணி அவளுடைய அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரப் போயிருக்கிறாள். ஒரு மாறுதலுக்காக. குட்டி என்னோடு இருக்கிறாள், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே. கீழே ஏதோ எழுதுகிறேன் என்கிறாள். கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அவளே ஒட்டித் தபாலில் போட்டுவிடுவாள்.

அண்ணன்

அத்தை, நான் நல்லா இருக்கேன். எங்க குளியல் தொட்டியில நான் பொம்மைங்களுக்கு வீடு கட்டியிருக்கேன். ரெண்டு ரூம், ஒரு கடை. நனையவே நனையாது. உங்க கிணத்துல எட்டிப் பார்த்தா முகம் தெரியுமா?


ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

உன் லாரி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. தெருவுக்குள் நுழையும்போதே ஹாரன் அவற்றைவிடப் பெரிய சத்தம் போட்டார். நான் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். "மேடம், இடத்தைக் காட்டுங்க" என்றார்.

"எங்க அண்ணன் பாதியில போட்டுக்கோங்க. என் பாதியில ஒரு கல்லுகூட நகரக் கூடாது."

"கோடு எங்க மேடம்?"

"அதைப் போடலையே. நாங்க சேர்ந்து விளையாடின இடம் அது."

அவர் தலையைச் சொறிந்தார். போனில் உன்னைக் கூப்பிட்டார். நீ எடுக்கவில்லை. சரி, அதுவரைக்கும் ஆயத்தமாவது செய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ, "தூசி அடக்கத் தண்ணி வேணும். வீட்டுக்காரங்கதான் தரணும். அந்த டிரம்மை ரொப்பிக் குடுங்க" என்றார்.

அதற்குள் தெருவே வந்துவிட்டது. அப்புறம் சலவைக்கடை அக்கா ஆரம்பித்தார். "ஐயோ, தண்ணி தேட வந்தவரு தண்ணி கேக்குறாரு!" தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணே, வளையம் வெளிய கிடக்கு. என் பங்கு ரெண்டு வாளி. உங்க ஆளுங்க குடிக்கக் கேட்டா ஒண்ணு உங்களுக்கு, இப்பவே எடுத்துக்கங்க. மண்ணுல ஊத்தக் கேட்டா ஒரு சொட்டுக் கிடையாது." சொல்லிவிட்டு லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஹாரன். அப்புறம் ஒவ்வொருவராக. கவிழ்த்த வாளிகளின் மேல் ஒரு தெரு முழுக்க உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். என் சொந்த அண்ணன் அனுப்பிய லாரிக்கு முன்னால்.

மேஸ்திரி சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு கிணற்றருகே போய் நெடுநேரம் எட்டிப் பார்த்தார். "ஊர் ஊராத் துளை போடறேன். இப்படித் தண்ணி நிக்கிற கிணத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றார். போகும்போது என்னிடம் தனியாக வந்து, "உங்க அண்ணன் இருக்கிற ஊர்லதான் போன மாசம் வேலை. போட்ட இடத்துலயெல்லாம் காத்துதான். அவர் ஏன் இங்க போடச் சொல்றார்னு எனக்குப் புரியுது. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன்.

அன்று வேலைக்குப் போகவில்லை. உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. குளியல் தொட்டியில் பொம்மை வீடு எப்படி வந்தது?

உன் தங்கை


ஜூன் 25

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. நான் நலம் என்று எழுதக்கூட மனம் வரவில்லை.

நீ பதில் சொல்லாததால் நானே சொல்கிறேன். எழுதியதைப் படிப்பதைவிட விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சம்பளம் அதற்குத்தான். ஆனால் உன் கடிதங்களில் நான் அதைச் செய்யவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை வெயிலுக்காக இல்லை. குட்டியின் முடியும் அப்படித்தான். செடிகள் இடத்தை அடைக்கவில்லை, தண்ணீர் கேட்டன. காகிதத் தட்டைக் கழுவ வேண்டாம். லிஃப்ட்டை நீ உடற்பயிற்சிக்காக விடவில்லை. பதினோரு மாடி, இரண்டு கையிலும் கேன். கை அதனால்தான் நடுங்குகிறது. அண்ணி மாறுதலுக்காகப் போகவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் என்று பிப்ரவரியில் எழுதியவன் அதற்குப் பிறகு ஒரு கடிதத்தில்கூட குழாயைப் பற்றி எழுதவில்லை.

உங்கள் ஊரில் வளையம் இல்லை. அதனால் எப்போது தாண்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை.

இங்கே வா. அண்ணியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நான் இன்னும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. நீ சரி என்றால் சொல்கிறேன்.

துளை மட்டும் கிடையாது. அதில் மாற்றம் இல்லை.

உன் தங்கை


ஜூலை 3

தங்கைக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். குட்டியும் நலம்.

யார் உன்னிடம் இரக்கம் கேட்டது? உனக்குப் பிழை திருத்த வேண்டுமானால் புவியியல் புத்தகம் இருக்கிறது. என் வீட்டை விட்டுவிடு. இங்கே எல்லாம் சரியாகிவிடும், மழை வரப் போகிறது என்கிறார்கள். அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியே வந்தாலும் எப்படி வருவேன்? அந்தத் தெருவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவன் நான். அந்த வரிசையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாளியை நீட்டுவது? ஹாரன் மூக்கை மாற்றிக்கொண்டு வா என்பார். நான் எதை மாற்றிக்கொண்டு வர முடியும்?

நீ லாரியைத் திருப்பி அனுப்பியபோதே முடிந்துவிட்டது. இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். குட்டி நலம் என்று எழுதியிருந்தாய், அதை மட்டும் நம்புகிறேன்.

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சொல்லிவிட்டேன்.

தெருக்கூட்டத்தில் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, ஏதாவது படித்துக்கொண்டிருந்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "எங்க அண்ணன் ஊர்ல தண்ணி முடிஞ்சிடுச்சு. அவன் லாரி அனுப்பினது அதனாலதான். மூணு பேரை இங்க கூப்பிடணும்னு நினைக்கிறேன்" என்றேன். உடனே உட்கார்ந்துவிட்டேன். உனக்காக நான் கெஞ்சவில்லை, அதைத் தெரிந்துகொள். கேட்டேன், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ஹாரன்கூட மெதுவாகப் பேசினார்: "மொட்டை மாடியில ஏறிக் குதிப்பானே, அந்தப் பையன்தானே? வரச் சொல்லும்மா, இதுல கேக்க என்ன இருக்கு?"

சண்டை அதற்கப்புறம்தான் வந்தது. நீ வரலாமா என்பதில் சண்டை இல்லை. வளையத்தைப் பற்றி.

தையல்காரருக்கு இளகின மனசு. "மூணு பேரு வர்றாங்க, குழந்தை வேற. கஷ்டப்பட்டு வர்றவங்களை வந்ததும் வாளியோட நிறுத்தணுமா? வளையத்தை ஒரு கல்லு கீழ இறக்கி மோட்டாரைப் போடுவோம். மழை வர்ற வரைக்கும்தானே!" என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது.

சலவைக்கடை அக்கா எழுந்தார். கடை மூடிக் கிடந்ததில் மெலிந்துதான் போயிருக்கிறார். "இன்னிக்கு மூணு பேருக்காக ஒரு கல்லு. நாளைக்கு என் கடைக்காக ஒரு கல்லுன்னு நான் கேப்பேன், கேக்க மாட்டேனா? அப்புறம் உங்க மகளுக்குக் குழந்தை பொறக்கும், அதுக்கொரு கல்லு. கடைசியில கல்லு மட்டும்தான் இருக்கும். ஆளுங்களை உள்ள விடுங்க. வளையத்தைத் தொடாதீங்க. நம்ம பங்கு ஆளுக்கு ரெண்டு குவளை குறையும். செத்தா போயிடுவோம்?"

நெடுநேரம் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் அக்காவே சொன்னார்: "வரப்போறவனையே கேப்போம். இனிமே அவனும் இந்தத் தெரு. வளையத்தை இறக்கணுமா, எல்லாரும் குறைச்சுக்கணுமா, அவன் சொல்லட்டும்." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எனவே எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று இனிக் கேட்காதே. உனக்கு இங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது. பதில் சொல்லும் முகம் இருந்தால் போதும்.

நீ வந்தால் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு குவளை குறையலாம். வா.

உன் தங்கை


ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலமாக இல்லை. ஒரு கடிதத்தை இப்படியும் ஆரம்பிக்கலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மார்ச்சிலிருந்து குழாயில் காற்றுதான். முதலில் அது ஊதும்போது குட்டி சிரிப்பாள். கண்ணாடிக் கட்டடத்தில் நான் மாட்டிய ஏ.சி.க்கள் பின்பக்கம் சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பிறகு அதற்கும் வரிசை வந்துவிட்டது. போன மாதம் அந்த வரிசையில் ஒருவனைத் தள்ளிவிட்டேன். அவன் என்னோடு வேலை செய்பவன். அவன் கேன் உருண்டு கொட்டிவிட்டது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே தலைக்கு இவ்வளவு என்று சொல்ல யாரும் இல்லை.

அண்ணியின் அக்கா வீட்டிலும் இதே நிலைதான். அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கென்று ஒரு தண்ணீரோடு வர நினைத்தேன். யார் பங்கிலும் கை வைக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல். அதற்காகத்தான் லாரி. அது வந்திருந்தால் உங்கள் எல்லோருடைய பங்கையும் சேர்த்து எடுத்திருப்பேன் என்பது, உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த மேஸ்திரிக்கு ஒரு வாளி கொடுத்ததற்கு அக்காவிடம் நன்றி சொல். சட்டையை ஒரே தடவை அலசினால் போதும் என்றும் சொல். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை ரயில். மூன்று பேரும் வருகிறோம். தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லை, ஆளுக்கொரு வாளி மட்டும். என் கேன்களும் இருக்கின்றன. ஹாரன் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும். கயிறு இழுக்க என் தோள் இப்போது நன்றாகப் பழகியிருக்கிறது.

கைக்குழந்தைக்கே முழுப் பங்கு என்றால் தனக்கு எவ்வளவு என்று குட்டி கேட்கச் சொன்னாள். கிணற்றில் முகம் தெரியுமா என்ற கேள்விக்கு அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் எழுதச் சொன்னாள்.

தெரு கேட்ட கேள்விக்கு என் பதில்: வளையத்தைத் தொடாதீர்கள். எங்களுக்காகவும் வேண்டாம். வந்து இறங்கியதும் நான் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பேன். வளையம் அதே கல்லில் இருக்க வேண்டும்.

அண்ணன்